கிரிஸ்கோ என்றால் என்ன?

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை என்னுடைய பழைய மாணவன் ஒருவன் வட்ஸ்அப்பில் ஒரு பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான். வெளிநாட்டில் எம்.பி.ஏ. படிப்பதற்காக ஜீமெட் பரீட்சைக்குத் தயாராகிறான். அதில் ஒரு வகைக் கேள்வி வரும். நான்கைந்து வரியில் யாரோ ஒருவருடைய வாதம் இருக்கும். கீழே ஐந்து விடைகள். இந்த வாதத்தை மிகவும் பலவீனப்படுத்துவது எது, இந்த வாதம் எந்த எடுகோளில் தங்கியிருக்கிறது என்று கேட்பார்கள். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான எல்செட் பரீட்சையிலும் இதே வகைக் கேள்விகள் உண்டு. "சேர், இங்கிலீஷ் விளங்குது. ஆனா அஞ்சு விடையும் சரி மாதிரியே இருக்கு" என்று எழுதியிருந்தான்.

நான் வரலாறு படிப்பிக்கிறவன். ஜீமெட் எழுதியவனல்ல. ஆனாலும் அவனுடைய புத்தகத்தில் இருக்காத ஒரு கேள்வியைத் திருப்பி அனுப்பினேன். நீங்களும் செய்து பாருங்கள்.

ஒரு நாட்டில் இராணுவத்தில் சேர்ந்தவர்களுக்கு நுண்ணறிவுப் பரிசோதனை நடத்தினார்கள். அவர்களில் வெளிநாட்டில் பிறந்து வந்து குடியேறியவர்களும் இருந்தார்கள். இருபது வருடத்துக்கு மேல் அந்த நாட்டில் வாழ்ந்தவர்கள், அங்கேயே பிறந்தவர்களுக்குக் கிட்டத்தட்டச் சமமான புள்ளி எடுத்தார்கள். வந்து ஐந்து வருடம்கூட ஆகாதவர்கள் ஆகக் குறைந்த புள்ளி எடுத்தார்கள். ஆகவே முன்பு வந்தவர்கள் புத்தியுள்ள இனத்தவர்கள், இப்போது வருகிறவர்கள் பிறப்பிலேயே புத்தி குறைந்த இனத்தவர்கள்.

ஓட்டை எங்கே?

இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. "இருபது வருஷம் இருந்தா பாஷையும் பழக்கமும் வந்திரும்தானே சேர். இதெல்லாம் ஒரு கேள்வியா?"

இது நான் இருந்து கற்பனை செய்த கேள்வி அல்ல. 1923 இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் கார்ல் பிரிகாம் என்பவர் ஒரு முழுப் புத்தகமாக எழுதி, அந்தப் பல்கலைக்கழகப் பதிப்பகமே வெளியிட்ட வாதம். அமெரிக்கர்களின் நுண்ணறிவு பற்றிய ஆய்வு என்பது அதன் பெயர். மூன்று வருடம் கழித்து, அமெரிக்கக் கல்லூரி அனுமதிக்கான எஸ்.ஏ.டி. பரீட்சையை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் இதே பிரிகாம்தான். 1926 ஜூன் 23 இல் முதல் தடவையாக 8,040 பேர் அதை எழுதினார்கள். இன்று உலகம் முழுக்கப் பிள்ளைகள் எழுதும் அனுமதிப் பரீட்சைகளுக்கு வழி போட்ட மனிதர், அத்தகைய பரீட்சை ஒன்றில் இன்று முதலாவதாகப் பிடிபடக்கூடிய பிழையைச் செய்திருந்தார்.

எப்படி நடந்தது?

1917 இல் அமெரிக்கா முதலாம் உலகப் போருக்குள் இறங்கியது. இராணுவத்துக்கு வந்து குவிந்தவர்களைத் தரம் பிரிக்க ரொபர்ட் யெர்க்ஸ் என்பவரின் தலைமையில் உளவியலாளர்கள் இரண்டு பரிசோதனைகளைத் தயாரித்தார்கள். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு ஆல்பா. வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் படங்களால் ஆன பீட்டா. போர் முடிவதற்குள் சுமார் 17 இலட்சம் பேர் இவற்றை எழுதிவிட்டார்கள்.

ஆல்பாவில் ஒரு கேள்வி: கிரிஸ்கோ என்பது என்ன? மருந்தா, கிருமிநாசினியா, பற்பசையா, உணவுப் பொருளா? கிரிஸ்கோ என்பது அமெரிக்கக் கடைகளில் விற்ற ஒரு சமையல் கொழுப்பு. நம்மூரில் அஸ்ட்ரா என்றால் என்னவென்று கேட்பது போலத்தான். அமெரிக்காவில் கடைக்குப் போய் வருகிற யாருக்கும் தெரியும். நேற்று நியூயோர்க்கில் கப்பலால் இறங்கிய இத்தாலிக்காரனுக்கு எப்படித் தெரியும்? இன்னொன்று, ஒரு பேஸ்போல் வீரரின் பெயரைச் சொல்லி அவர் எதனால் பிரபலம் என்று கேட்டது. பீட்டாவிலோ, குறை விடப்பட்ட படத்தில் விடுபட்டதை வரைய வேண்டும். அதில் ஒன்று டெனிஸ் மைதானம். வலை இல்லை. டெனிஸையே காணாதவன் எதை வரைவான்? எழுத்து வாசனை இல்லாதவர்கள் என்று பிரித்தெடுத்தவர்களின் கையில் பென்சிலைக் கொடுத்து, நேரம் வைத்து, சைகையால் விளக்கம் சொல்லி எழுத வைத்தார்கள்.

இந்தப் புள்ளிகளை வைத்துக்கொண்டுதான் பிரிகாம், வட ஐரோப்பியர் மேல், தென், கிழக்கு ஐரோப்பியர் கீழ், கறுப்பினத்தவர் அதற்கும் கீழ் என்று படி கட்டினார்.

என் மாணவனுக்குச் சொன்னதை இங்கும் சொல்கிறேன். ஒரு வாதத்தை எடை போடும்போது முதலில் முடிவையும் சான்றையும் பிரித்து வைக்க வேண்டும். இங்கே சான்று, இருப்புக் காலம் கூடக் கூடப் புள்ளி கூடியது. முடிவு, பிறப்பிலேயே வித்தியாசம். சான்றில் பிறப்பு என்ற சொல்லே இல்லை. முடிவில் மட்டும் திடீரென்று வந்து நிற்கிறது. இடையில் சொல்லப்படாத ஓர் எடுகோள் இருக்கிறது: ஒரு நாட்டில் எத்தனை வருடம் வாழ்ந்தாலும் இந்தப் பரிசோதனைப் புள்ளி மாறாது. இனி அந்த எடுகோளை மறுத்துப் பாருங்கள். வாழ வாழப் புள்ளி மாறும் என்று வையுங்கள். முழு வாதமும் விழுந்துவிடுகிறது. மறுத்தால் வாதம் விழுகிறது என்றால் அதுதான் வாதம் தங்கியிருக்கும் எடுகோள். ஐந்து விடையில் அதைத்தான் தேட வேண்டும். "குடியேறியவர்கள் பலர் போரில் வீரமாகச் சண்டை செய்தார்கள்" என்று ஒரு விடை இருக்கலாம். உண்மையாகவும் இருக்கலாம், வாசிக்க மனதுக்கும் நன்றாக இருக்கும். ஆனால் அந்த வாதத்தை அது தொடுவதே இல்லை. நம் பிள்ளைகள் அதிகமாக விழும் குழி இது. பெரியவர்களும்தான், ஊர்க் கூட்டங்களில் பார்க்கிறோமே.

ஒன்றைக் கவனியுங்கள். வேறு காரணம் இருக்கலாம் என்று காட்டினால் வாதம் பலவீனமாகிறது, அவ்வளவுதான். முடிவு பொய் என்று அதனால் நிரூபணம் ஆவதில்லை. எது உண்மை என்று அறிய அதே ஆட்களைப் பத்து வருடம் கழித்து மீண்டும் சோதித்திருக்கலாம். அவரவர் தாய்மொழியில் சோதித்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை.

பிரிகாம் முட்டாள் அல்ல. இருப்புக் காலமும் பழக்கமும் காரணமாக இருக்கலாம் என்ற கேள்வி அவருக்கும் தெரிந்தே இருந்தது. புத்தகத்தில் அதை எடுக்கிறார், எடுத்துவிட்டு ஒதுக்குகிறார். பரிசோதனையில் அமெரிக்கப் பழக்கம் ஏதும் கலந்திருந்தால் அதுவும் நல்லதுதான், வந்தவர்கள் வாழப்போவது அமெரிக்காவில்தானே என்ற தொனியில் கடந்து போகிறார். வட மாநிலங்கள் சிலவற்றில் கறுப்பினத்தவர்கள், தெற்கின் சில மாநிலத்து வெள்ளையர்களைவிடக் கூடுதல் புள்ளி எடுத்திருந்தார்கள். வடக்கில் பாடசாலைகள் மேல் என்பதை ஓரளவு ஒப்புக்கொண்டாலும், வெள்ளை இரத்தக் கலப்பு, புத்தியுள்ளவர்கள் வடக்குக்கு நகர்ந்தது என்றும் காரணம் சொன்னார். எந்தச் சான்று வந்தாலும் விழுங்கிக்கொள்ளும் வாதத்தை எந்தச் சான்றாலும் பலவீனப்படுத்த முடியாது. எனக்கு அதைத்தான் கண்டால் பயம்.

பிழையைக் கண்டவர்கள் அன்றே இருந்தார்கள். இராணுவப் புள்ளிகளை வைத்து, வளர்ந்த அமெரிக்கனின் சராசரி மனவயது பதின்மூன்று சொச்சம் என்று ஒரு பேச்சு கிளம்பியபோது, வோல்டர் லிப்மன் என்ற பத்திரிகையாளர் 1922 இல் தொடராக எழுதினார். சராசரி வளர்ந்தவனின் புத்தி சராசரி வளர்ந்தவனின் புத்தியைவிடக் குறைவாக இருப்பது எப்படி என்று கேட்டார். அளவுகோல் பிழை என்பதை அதற்குமேல் எளிமையாகச் சொல்ல முடியாது. துறை சார்ந்தவர்கள் அவர்மீது பாய்ந்தார்கள்.

1924 இல் புதிய குடிவரவுச் சட்டம் வந்தது. 1890 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் ஒவ்வொரு நாட்டிலும் பிறந்தவர்கள் எத்தனை பேர் அமெரிக்காவில் இருந்தார்களோ, அதில் 2 வீதம்தான் அந்த நாட்டுக்கு வருடாந்த ஒதுக்கீடு. ஏன் 1890? இத்தாலியரும் போலந்துக்காரரும் கிழக்கு ஐரோப்பிய யூதர்களும் பெருந்தொகையாக வந்தது அதற்குப் பிறகுதான். ஆசியர்களில் பெரும்பாலானோருக்குக் கதவே இல்லை. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் தொழில் போட்டி, போருக்குப் பிந்திய பயம், பழைய இனவாதம் என்று பல இருந்தன. பிரிகாமின் புத்தகம்தான் அதைக் கொண்டுவந்தது என்று சொன்னால் நானும் அவர் செய்த பிழையையே செய்தவனாவேன். ஆனால் கதவைச் சாத்த நின்றவர்களுக்கு அந்தப் புத்தகம் விஞ்ஞானம் என்ற போர்வையைக் கொடுத்தது.

1930 இல் பிரிகாம் ஓர் உளவியல் ஆய்விதழில் சின்னக் கட்டுரை ஒன்று எழுதினார். ஆல்பாவையும் பீட்டாவையும் சேர்த்து ஒரே புள்ளியாக்கியது பிழை. தாய்மொழி வேறான மக்களை இப்படி ஒப்பிட முடியாது. அப்படிச் செய்த ஆய்வுகளில் ஆகப் பெரிய பகட்டோடு வந்தது என்னுடையது, அதற்கு அத்திவாரமே கிடையாது. இதுதான் அதன் சாரம். யாரும் அவரை நீதிமன்றத்தில் நிறுத்தவில்லை. தானாகவே எழுதினார். பரீட்சைப் புள்ளியில் பாடசாலையும் வீடும் மொழிப் பழக்கமும் கலந்தே இருக்கின்றன என்பதைப் பிற்காலத்தில் அவரே வலியுறுத்தினார். 1943 இல் இறந்தார். பிறகு கணக்கிடும் முறை மாறினாலும், அந்த நாட்டுவாரி ஒதுக்கீடு ஒழிக்கப்பட்டது 1965 இல்.

மாணவன் எல்லாம் வாசித்துவிட்டு, "சேர், இவ்வளவு படிச்ச மனிசன் எப்படி இந்தச் சின்ன விஷயத்தைக் காணாம விட்டார்?" என்று கேட்டான். உடனே பதில் எழுத முடியவில்லை. காரணத்தை உங்களிடம் சொல்கிறேன்.

கலாசாலை முடித்த புதிதில் எனக்குக் கிடைத்தது ரயில் பாதையே இல்லாத பக்கத்தில் ஒரு சின்னப் பாடசாலை. தரம் 5 புலமைப்பரிசில் மாதிரித் தாளில் ஒரு கேள்வி: விமானத்துக்கு விமான நிலையம் என்றால் ரயிலுக்கு எது? பின்வாங்கிலிருந்த ஒரு மகன் "பாலம்" என்று எழுதியிருந்தான். பிழை போட்டேன். வேறு கேள்விகளிலும் இப்படித்தான் எழுதியிருந்தான். அந்தத் தவணை தேர்ச்சி அறிக்கையில் "மெல்லக் கற்கும் மாணவன்" என்று எழுதிக் கையொப்பமும் வைத்தேன். வேறு பாடசாலைக்கு மாற்றலாகிப் போன பிறகு ஒருநாள்தான் விளங்கியது, அந்த வகுப்பறைச் சுவரில் ரயிலின் படம் ஒன்றே ஒன்றுதான் தொங்கியது. தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்துக்கு மேலே போகும் ரயில்.

அந்த அறிக்கை இப்பவும் அவனுடைய உம்மாவின் அலுமாரியில் இருக்கும்.