மூன்று ஆட்சிகள், ஒரு துறைமுகம்: கொச்சி நகரின் மின்சார வரலாறு

கொச்சி: மட்டாஞ்சேரியின் மசாலாக் கிடங்குகளிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் 1947 வரை அந்தச் சில நிமிட நடையில் ஆட்சியே மாறிவிடும். மட்டாஞ்சேரியும் எர்ணாகுளமும் கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தவை. ஃபோர்ட் கொச்சியோ சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்துக்கு உட்பட்டது. வடக்கே ஆலுவா திருவிதாங்கூருக்குச் சொந்தம். இப்பகுதியின் மின்சார வரலாறு சிக்கலாக இருப்பதற்கு இதுவே முதற்காரணம்.

திருவிதாங்கூர் அரசு 1929-இல் திருவனந்தபுரத்துக்கு மின்சாரம் வழங்கத் தொடங்கி, 1940-இல் மூணாறு அருகே பள்ளிவாசல் நீர்மின் நிலையத்தைத் திறந்தது. அந்த மின்சாரத்தை நம்பியே 1943-இல் ஆலுவாவில் நாட்டின் முதல் அலுமினிய உருக்காலை இயங்கத் தொடங்கியது. கொச்சி சமஸ்தானம் சென்ற வழி வேறு. எர்ணாகுளத்தில் மின் விநியோகம் செய்யும் உரிமம், கொச்சின் ஸ்டேட் பவர் அண்ட் லைட் கார்ப்பரேஷன் என்ற தனியார் நிறுவனத்துக்கு 25 ஆண்டுகளுக்கு வழங்கப்பட்டது. காலம் முடிந்ததும் அரசே அதை வாங்கிக்கொள்ளலாம் என்பது நிபந்தனை.

தனியாரிடம் மின்சாரத்தை ஒப்படைப்பதை எல்லோரும் ஏற்கவில்லை. அப்போதைய திவான் ஆர்.கே. சண்முகம் செட்டியார், கோயம்புத்தூரைச் சேர்ந்தவர். பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர். திருச்சூர் நகர விநியோகத்தையும் தனியாருக்குத் தர அவரது அரசு முடிவெடுத்தபோது, 1936-இல் பெரும் கிளர்ச்சி வெடித்தது. இக்கண்ட வாரியர், டாக்டர் ஏ.ஆர். மேனன் போன்றோர் அதனை முன்னின்று நடத்தினர். கம்பியில் தொடங்கிய அந்தப் பூசல், சமஸ்தானத்தில் பொறுப்பாட்சி கோரிய இயக்கத்துக்கு வலுச்சேர்த்தது.

கேரள மாநிலம் உருவான பின் 1957-இல் மாநில மின் வாரியம் அமைக்கப்பட்டது. சாலக்குடி ஆற்றில் பொரிங்கல்குத்து நிலையமும் அதே ஆண்டு இயங்கியது. எர்ணாகுளம் உரிமம் 1960 டிசம்பரில் முடியவிருந்தது. அதை வாங்க அரசு முற்பட்டபோது எதிர்பாராத சட்டச் சிக்கல் எழுந்தது. 1959 செப்டம்பர் 5-இல் நடைமுறைக்கு வந்த மின்சாரச் சட்டத் திருத்தம், வாங்கும் விருப்பத்தை 18 மாதங்களுக்கு முன்பே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்றது. எஞ்சியிருந்ததோ ஏறத்தாழ 15 மாதங்கள்! விதி பின்பற்றப்படவில்லை, எனவே அரசு வாங்க முடியாது என்று நிறுவனம் வாதிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. செய்ய இயலாததைச் செய்யும்படி சட்டம் எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை என்ற கோட்பாட்டை ஏற்று, நீதிமன்றம் நிறுவனத்தின் வாதத்தை நிராகரித்தது. மின்சாரத்தோடு தொடர்பே இல்லாத வழக்குகளிலும் வழக்கறிஞர்கள் இத்தீர்ப்பை மேற்கோள் காட்டுகின்றனர்.

எர்ணாகுளம், மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி நகராட்சிகள் இணைந்து 1967 நவம்பர் 1-இல் கொச்சி மாநகராட்சி உருவானது. இன்று நகரின் விநியோகம் மின் வாரியத்திடம் உள்ளது. கிளர்ச்சி நடந்த திருச்சூரில் நிலைமை வேறு: பழைய நகராட்சி எல்லைக்குள் மின் விநியோகத்தை மாநகராட்சியே நடத்துகிறது. கேரளத்தில் இப்பணியைச் செய்யும் ஒரே உள்ளாட்சி அமைப்பு அதுதான்.