பூட்டிய பள்ளியும் யார் குற்றமும்



அமெரிக்காவில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் போனில் பேசினான். "சார், 2025-ல இங்க 43 நாள் அரசாங்கத்தையே மூடிட்டாங்க. ஒரு கட்சி இன்னொரு கட்சியக் கை காட்டுச்சு. நம்ம ஊர்ல இப்படி நடக்குமா?" என்று கேட்டான்.

சட்டப்படி நடக்காது. அங்கே அதிபர் வேறு, நாடாளுமன்றம் வேறு. செலவுக்கு ஒப்புதல் கிடைக்காவிட்டால் அலுவலகம் மூடும், அதிபர் பதவியில் இருப்பார். இங்கே சட்டமன்றத்தில் பெரும்பான்மை உள்ளவர்தான் ஆட்சி செய்கிறார். பட்ஜெட் தோற்றால் ஆட்சியே போய்விடும். பட்ஜெட் தாமதமானால் செலவுக்கு முன்பணம் வாங்கிக்கொள்ள அரசியல் சட்டத்தின் 206-வது பிரிவு இருக்கிறது.

ஆனால் கதவு பூட்டியதை நான் பார்த்திருக்கிறேன். பூட்டியவர்களில் நானும் ஒருவன்.

2001-ல் அ.தி.மு.க. ஆட்சிக்கு வந்ததும் நிதிநிலை பற்றி வெள்ளை அறிக்கை வெளியிட்டது. கஜானா காலி, காரணம் முந்தைய ஆட்சி என்றது. தி.மு.க. அதை மறுத்தது. செலவைக் குறைக்க ஊழியர்களின் ஓய்வூதியப் பலன்களிலும் மற்ற சலுகைகளிலும் கை வைத்தார்கள். 2003 ஏப்ரல் 1 முதல் புதிதாகச் சேருபவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்றும் ஆயிற்று. ஜூலை 2-ல் அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினோம். எஸ்மா சட்டத்துக்கு அவசரத் திருத்தம் வந்தது. சில நாட்களில் சுமார் 1.70 லட்சம் பேர் வேலைநீக்கம். தொகுப்பூதியத்தில் தற்காலிக ஆட்களை எடுத்தார்கள். அரசு எங்களைக் குற்றம் சொன்னது, நாங்கள் அரசைச் சொன்னோம், எதிர்க்கட்சிகள் முதலமைச்சரைச் சொன்னார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்தால் பெரும்பாலானவர்களைத் திரும்ப எடுப்பதாக ஜூலை இறுதியில் அரசு ஒத்துக்கொண்டது. ஆகஸ்ட் 6-ல் வந்த தீர்ப்பு, அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமையே இல்லை என்றது. 2004 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் ஆளுங்கட்சிக் கூட்டணி தோற்றபின், மிச்சமிருந்த நடவடிக்கைகளும் கைவிடப்பட்டன.

இதெல்லாம் வரலாறு. இனி சொல்வது என் கணக்கு.

நானும் எழுதிக் கொடுத்துவிட்டு ஜவ்வாது மலைக்குத் திரும்பினேன். மூன்று வாரம் போலப் பள்ளி பூட்டிக் கிடந்திருக்கிறது. பள்ளி இல்லாவிட்டால் மதியம் சத்துணவும் இல்லை. சாமை விதைப்புக் காலம். பாதிப் பிள்ளைகள் கொல்லைக்குப் போய்விட்டார்கள். நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் தினமும் மலைப்பாதையில் நடந்து வந்து, பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறான். முதல் நாள் என்னிடம் மெதுவாகக் கேட்டான்: "சார், எங்க மேல கோவமா?"

அவனுக்கு கஜானாவும் தெரியாது, எஸ்மாவும் தெரியாது. சார் வரவில்லை என்றால் தான்தான் ஏதோ தப்பு செய்திருக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளை நினைத்திருக்கிறது. எல்லோரும் பழியை அடுத்தவர்மேல் போட்டோம். அவன் ஒருவன்தான் அதைத் தன்மேல் போட்டுக்கொண்டான்.

எங்கள் கோரிக்கை நியாயமானது என்று இன்றும் நம்புகிறேன். ஒருவனை ராத்திரியோடு ராத்திரியாக வேலையைவிட்டு நீக்குவது சரியென்று அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. ஆனாலும் போராட்டத்துக்கு முந்தின நாள், ஏன் வரமாட்டேன் என்று அந்தப் பிள்ளைகளிடம் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். செய்யவில்லை.

2021-ல் ஆட்சி மாறியதும் மறுபடி ஒரு வெள்ளை அறிக்கை வந்தது. இந்த முறை தி.மு.க. வெளியிட்டது, குற்றம் அ.தி.மு.க. மேல். இனியும் வரும். படியுங்கள், யார் சொல்வது சரி என்று வாதாடுங்கள். கூடவே, அந்தச் சண்டையில் எந்தக் கதவு பூட்டியது, அதன்முன் யார் நின்றார்கள் என்றும் கேளுங்கள்.

அரசுக்கு மன்னிப்பு எழுதிக் கொடுத்தேன். அந்தப் பையனிடம் கேட்கவில்லை. "இல்லடா, உள்ள போ" என்று மட்டும்தான் சொன்னேன். இப்போது அவனுக்கு முப்பது வயது தாண்டியிருக்கும். இதை நீ படித்தால், தம்பி, உன்மேல் கோபமே இல்லை. தப்பு என்னுடையது.