அழிந்த எழுத்தும் அறியும் கண்ணும்

1972ஆம் ஆண்டு யமன் நாட்டின் ஸன்ஆ நகரில் பெரிய பள்ளிவாசலைப் பழுதுபார்த்தபோது, உட்கூரைக்கும் மேற்கூரைக்கும் இடையே தோல் ஏடுகள் குவியலாகக் கிடைத்தன. பெரும்பாலானவை பழைய குர்ஆன் பிரதிகளின் சிதறல்கள். அவற்றுள் ஒரு பிரதி தனிக் கவனத்திற்குரியதாயிற்று. முதலில் எழுதிய குர்ஆன் வசனங்களைத் துடைத்தழித்து, அதே தோலில் மீண்டும் குர்ஆன் எழுதப்பட்டிருந்தது. மேலெழுத்து, உஸ்மான் (ரலி) அவர்கள் தொகுத்தளித்த முஸ்ஹஃபைச் சார்ந்தது. கீழெழுத்து எதைச் சார்ந்தது?

தோல் விலைமிக்க பொருளாதலால், அழித்தெழுதுவது அக்காலத்தில் அரிதன்று. ஆனால், மையிலிருந்த இரும்பு, செம்பு முதலியன தோலில் ஊறித் தங்கிவிடுகின்றன. புற ஊதா ஒளி படும்போது தோல் ஒளிர்கிறது. மை ஊறிய தடம் இருண்டு காண்கிறது. 2007இல் ஸன்ஆ ஏடுகள் இவ்வாறு படமெடுக்கப்பட்டன. அதே பிரதியிலிருந்து பிரிந்துபோன ஓர் ஏடு, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் எக்ஸ் கதிர் கொண்டு ஆராயப்பட்டது. எத்தனிமம் தோலில் எங்கே தங்கியுள்ளது என்பதை அக்கதிர் தனித்தனிப் படமாக்கித் தரும். அப்படங்களைக் கணினியில் புள்ளிபுள்ளியாக ஒப்பிட்டால், மேலெழுத்தை மங்கச் செய்து கீழெழுத்தைத் துலக்க இயலும். அவ்வேட்டின் ஆய்வு 2010இல் வெளிவந்தது. பஹ்னாம் ஸாதிகி, முஹ்ஸின் கூதர்ஸி ஆகியோர் கீழெழுத்தின் வாசகத்தை 2012இல் வெளியிட்டனர்.

அதில் இருப்பவை நாம் ஓதும் அத்தியாயங்களே. ஆயினும் சில இடங்களில் சொற்கள் வேறுபடுகின்றன. அத்தியாய வரிசையும் வேறு. அத்தௌபாவை அடுத்து மர்யம் வருகிறது. அத்தௌபாவின் தொடக்கத்தில், பிஸ்மில்லாஹ் சொல்ல வேண்டாம் என்னும் பொருள்பட ஒரு குறிப்பு காணப்படுகிறது. மக்தபில் நாம் அனைவரும் பெற்ற அறிவுரையே அது!

இக்கீழெழுத்து, உஸ்மானியப் பிரதிக்குப் புறம்பாக ஸஹாபி ஒருவர் வழிவந்த முஸ்ஹஃபைச் சார்ந்தது என்கிறார் ஸாதிகி. கற்போரின் பயிற்சி ஏடு என்று 2017இல் நூல் எழுதினார் அஸ்மா ஹிலாலி. இருவர்முன் இருந்ததும் ஒரே பிரதியின் எழுத்துகளே. முடிவுகளோ வேறு.

இதில் வியப்பில்லை. பதினொன்றாம் நூற்றாண்டில் கிதாபுல் மனாழிரை இயற்றிய இப்னுல் ஹைஸம், பார்வை கண்ணோடு முடிவதில்லை என்று விளக்கினார். அப்ஜத் என்னும் சொல்லைக் காணும் எழுத்தறிந்தவர், எழுத்தெழுத்தாய் ஆராயாமலே அதனை அறிந்துகொள்கிறார். முன்னறிவே அவருக்குத் துணை என்றார். கருவி தடத்தைக் காட்டும். அத்தடம் இன்னதென்று உணர்த்துவது கல்வி.

அக்கல்வி நம்மிடம் உண்டு. இப்னு மஸ்ஊத் (ரலி), உபை இப்னு கஅப் (ரலி) ஆகியோரின் முஸ்ஹஃபுகளில் இருந்த வேறுபாடுகளை இமாம்கள் மறைக்கவில்லை. ஹிஜ்ரி 316இல் மறைந்த இப்னு அபீ தாவூத், கிதாபுல் மஸாஹிஃப் என்னும் நூலிலேயே அவற்றைத் தொகுத்துவைத்தார். அதனைப் பயின்றவருக்கு ஸன்ஆ ஏடு அச்சமூட்டாது. பயிலாதவரோ, அதனைக் கொண்டு எவர் எதைச் சொன்னாலும் ஒன்று மருள்வார், அல்லது மறுப்பார்.

எனவே, நம் அரபுக் கல்லூரிகளில் கிராஅத் கலை பயிலும் மாணவர், இப்படங்களையும் முன்வைத்துப் படிக்க வேண்டும். இவ்வேடுகளின் வாசிப்பில் நம் கல்வியின் பங்கு குறைவாயின், அக்குறை கருவியினுடையதன்று, நம்முடையதே.