மூன்று பொட்டுகளின் கதை

மெழுகு முத்திரையோடு தடய அறிவியல் ஆய்வகத்துக்கு வரும் கஞ்சாப் பொட்டலங்கள் பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். காய்ந்த பூங்கொத்து, கொஞ்சம் விதை, கொஞ்சம் காம்பு. அதில் ஒரு சிட்டிகையைக் கரைப்பானில் ஊறவைத்து, சிலிக்கா பூசிய தகட்டில் ஒரு துளி வைத்து, கரைப்பானை மேலே ஏறவிட்டு, ‘ஃபாஸ்ட் புளூ பி’ சாயத்தைத் தெளிப்போம். தகட்டில் ஆரஞ்சு, சிவப்பு, ஊதா என மூன்று பொட்டுகள் தெரியும். ஆரஞ்சு சிபிடி, சிவப்பு டிஎச்சி, ஊதா சிபிஎன்; மூன்றும் கஞ்சாவிலுள்ள வேதிப்பொருள்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு அவை வெறும் நிறங்கள். ஓய்வு பெறும்போது, அவற்றுக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக்கும் மேலான வரலாறு இருப்பது தெரிந்திருந்தது.

அந்த வரலாறு கல்கத்தாவில் தொடங்குகிறது. அங்கிருந்த மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய அயர்லாந்துக்காரர் வில்லியம் புரூக் ஓஷாக்னசி, இந்நாட்டு வைத்தியர்களும் சாதுக்களும் கஞ்சாவைப் பயன்படுத்திய விதத்தைக் கேட்டறிந்தார். முதலில் விலங்குகளுக்கும் பிறகு நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்து, 1839இல் கட்டுரையாக வெளியிட்டார். மூட்டுவலிக்காரர்கள், இழுப்புவாதத்தில் துடித்தவர்கள், வலிப்பு வந்த ஒரு கைக்குழந்தை எனப் பலருடைய விவரங்களும் அதில் உண்டு. பின்னாளில் இந்தியாவில் தந்திக் கம்பி போட்டவரும் இவரேதான்.

அவர் வழியாகக் கஞ்சா லண்டன் மருந்துக் கடைகளுக்குப் போனது. அங்கே ஒரு சிக்கல் முளைத்தது. ஒரு புட்டியில் இருந்த மருந்து ஆளைத் தூக்கிப் போடும். இன்னொரு புட்டியோ தண்ணீர் குடித்த மாதிரி ஒன்றும் செய்யாது. எந்தச் சரக்கில் எது எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வழியில்லை. அபினிலிருந்து மார்ஃபினை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே படிகமாகப் பிரித்துவிட்டார்கள். கஞ்சாவின் சாரமோ பிசுபிசுக்கும் எண்ணெய். படிகமாக உறைய மறுத்தது. இந்திய அரசு 1893இல் அமைத்த கஞ்சா விசாரணைக் குழு 1,193 சாட்சிகளைக் கேட்டு, மிதமாகப் பயன்படுத்துவோருக்குப் பெரிய கேடில்லை, முழுத் தடை வேண்டாம் என்று முடிவு சொன்னது. ஆனால் போதைக்குக் காரணமான பொருள் எது என்ற கேள்விக்கு அன்றைய வேதியியலிடம் பதில் இல்லை.

அடுத்த சில ஆண்டுகளில் கேம்பிரிட்ஜில் வுட், ஸ்பைவி, ஈஸ்டர்ஃபீல்ட் ஆகியோர் கஞ்சாப் பிசினான இந்தியச் சரஸைக் காய்ச்சி வடித்து ஒரு சிவப்பு எண்ணெய் எடுத்தார்கள். அதற்குக் ‘கன்னாபினால்’ என்று பெயரிட்டார்கள். மார்ஷல் என்ற அவர்களது சகா, அதைக் கண்ணாடிக் குச்சி நுனியில் தொட்டு விழுங்கிவிட்டு, வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதே அடக்க முடியாமல் சிரித்தார். சரியான பொருள் கிடைத்துவிட்டது என்றே நினைத்தார்கள். கிடைத்தது கலவை. அதிலிருந்து பிறகு தூய்மையாகப் பிரிந்து வந்த கன்னாபினாலுக்கு, அதாவது சிபிஎன்னுக்கு, அந்தப் போதை இல்லை.

சிபிஎன் ஏன் முதலில் சிக்கியது என்பதைப் பொட்டலங்களைப் பார்த்தவர்களால் எளிதாகச் சொல்ல முடியும். பறித்த செடி காற்றும் வெளிச்சமும் பட்டுக் கிடந்தால், அதிலுள்ள டிஎச்சி மெல்ல மெல்லச் சிபிஎன்னாக மாறும். ஆண்டுக்கணக்கில் கிடங்கில் கிடந்த வழக்குச் சொத்தைச் சோதித்தால், சிவப்புப் பொட்டு வெளிறி ஊதா கருத்திருக்கும். கப்பலேறி இங்கிலாந்து போன சரஸுக்கும் அதுவே நேர்ந்திருக்கும்.

இரண்டாவதாக வந்தது சிபிடி. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ரோஜர் ஆடம்ஸ், மின்னசோட்டாவில் தானாக வளர்ந்த சணல் வகைக் கஞ்சாவிலிருந்து 1940இல் அதைப் பிரித்தார். அந்தச் செடியில் போதை குறைவு, சிபிடி மிகுதி. அதே காலத்தில் இங்கிலாந்தில் அலெக்சாண்டர் டாடும் இதே தேடலில் இருந்தார். ஆனால் பிரிட்டிஷ் மருந்துத் தொகுப்பு 1932இலேயே கஞ்சாவை நீக்கியிருந்தது. அமெரிக்கத் தொகுப்பு 1942இல் நீக்கியது. அளந்து கொடுக்க முடியாத மருந்தை மருத்துவர்களும் கைவிட்டிருந்தார்கள்.

உண்மையான போதைப்பொருள் கடைசியாகத்தான் பிடிபட்டது. இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலம், காவல்துறையிடம் 5 கிலோ லெபனான் ஹஷீஷ் வாங்கி, பையில் வைத்துப் பேருந்தில் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார். பயணிகள் இதென்ன வாடை என்று திரும்பிப் பார்த்தார்களாம். 1963இல் சிபிடியின் அமைப்பையும், 1964இல் சக ஆய்வாளர் கயோனியோடு சேர்ந்து அந்தப் போதைப்பொருளான டிஎச்சியின் அமைப்பையும் வெளியிட்டார். பிறகு அவர் மனைவி சுட்ட கேக்கில் ஆளுக்கு 10 மில்லிகிராம் டிஎச்சி கலந்து நண்பர்களில் பாதிப் பேருக்குக் கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு வெறும் கேக். டிஎச்சி தின்றவர்களில் ஒருவர் ஓயாமல் பேசினார், ஒருவர் பயந்து நடுங்கினார். வெறும் கேக் தின்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதன் பிறகே ஒவ்வொன்றின் குணமும் தனித்தனியாகத் தெரிய வந்தது. டிஎச்சி மூளையில் சிபி1 என்ற ஏற்பியைப் பற்றிக்கொள்கிறது. அதனால் மயக்கம், பசி, இதயப் படபடப்பு, நினைவுத் தடுமாற்றம். சிலருக்கு மனநோயின் தூண்டுதலும் உண்டு. அதே டிஎச்சி, புற்றுநோய் சிகிச்சையின் குமட்டலைத் தணிக்கும் மாத்திரையாக 1985இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சிபிடி அந்த ஏற்பியை அப்படிப் பற்றுவதில்லை, போதையும் தருவதில்லை. 1980இல் பிரேசிலில், மற்ற மருந்துகளுக்கு அடங்காத வலிப்பு நோயாளிகள் எட்டுப் பேருக்கு அதைக் கொடுத்தார்கள். நான்கு பேருக்கு வலிப்பு ஏறக்குறைய நின்றது. ஆனாலும் ‘எபிடியோலெக்ஸ்’ என்ற சிபிடி மருந்து, குழந்தைகளைத் தாக்கும் இரண்டு கடும் வலிப்பு நோய்களுக்காக அனுமதி பெற 2018 ஆகிவிட்டது. சிபிஎன் தூக்கத்துக்கு நல்லது என்று வெளிநாடுகளில் விற்கிறார்கள். அதற்குச் சான்று மெலிவு.

நமது 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் பூவும் காயுமாக உள்ள நுனிப்பகுதியைக் கஞ்சா என்கிறது. 1 கிலோவுக்குக் கீழ் சிறு அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. பொட்டலத்தில் டிஎச்சி எத்தனை சதவீதம் என்று அந்த வரையறை கேட்பதில்லை. உத்தராகண்டில் சணல் வகைக்கு உரிமம் கொடுத்தபோதுதான் 0.3 சதவீதம் என்ற வரம்பு நம் காதில் விழுந்தது.

தெருவில் ஒரு தாத்தா ஒருநாள் என்னிடம் கேட்டார்: “சார், பேத்திக்கு வலிப்பு. கஞ்சா எண்ணெய் கொடுத்தா நிக்கும்னு செல்போன்ல வருதே, வாங்கலாமா?” அவருக்குச் சொன்னதையே எல்லோருக்கும் சொல்கிறேன். வலிப்புக்கு உதவுவது அளந்து தூய்மையாக்கிய சிபிடி. அதுவும் கல்லீரலைப் பாதிக்கலாம். மற்ற வலிப்பு மருந்துகளின் அளவை உடம்பில் ஏற்றியும் விடலாம். ஆகவே நரம்பியல் மருத்துவர் எழுதிக் கொடுத்து, இரத்தப் பரிசோதனையோடு கொடுக்க வேண்டியது அது. இணையத்தில் வரும் புட்டியில் எது எவ்வளவு என்று சோதித்துப் பார்க்காமல் சொல்ல முடியாது. மருந்து என்று சொல்லிக் கஞ்சா புகைக்கிறவர் உள்ளே இழுப்பதோ பெரும்பாலும் டிஎச்சி. ‘கஞ்சா மருந்து’ என்று யாராவது சொன்னால், எந்தப் பொருள், எத்தனை மில்லிகிராம், எந்த நோய்க்கு என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்காதீர்கள்.