எருக்கலம்பிட்டிப் படகுகள்

எளாவூர் என்றால் பலருக்கும் தெரிவது செக்போஸ்ட்தான். ஆந்திரா போகிற லாரிகள் வரிசை கட்டி நிற்கிற இடம். அந்தப் பக்கம் ஆரம்பாக்கம், அதைத் தாண்டினால் தடா. எங்கள் பக்கத்துப் பல வீடுகளில் உள்ளே தெலுங்கு, தெருவில் தமிழ். இந்த எல்லையும் சும்மா வந்துவிடவில்லை. தனி ஆந்திராவுக்காக 1952-ல் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதம் இருந்து செத்தார். 1960-ல் படாஸ்கர் ஏற்பாட்டின்படி திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. மறியல், கலவரம், துப்பாக்கிச்சூடு எல்லாம் நடந்தன. ஆனால் அது யுத்தமாக மாறவில்லை. இன்று அங்கே லாரியின் பேப்பரைத்தான் கேட்கிறார்கள், டிரைவர் என்ன மொழி, என்ன மதம் என்று கேட்பதில்லை.

எளாவூருக்குத் தெற்கே அடுத்த ஸ்டேஷன் கும்மிடிப்பூண்டி. அங்கே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. என் பள்ளித் தோழன் ஒருவன் அந்த முகாமில் வளர்ந்தவன். மன்னாரிலிருந்து 1990 கார்த்திகையில் ஆறு மாதக் குழந்தையாகப் படகில் வந்தவன். அவன் அப்பா இங்கே பெயிண்டிங் வேலைக்குப் போய் வீட்டை நடத்தினார்.

2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தபோது அவன் வீட்டில் இருந்தேன். ‘சட்டத்துல எங்களைப் பத்தி என்ன போட்டிருக்கான்னு பார்றா’ என்றான். மொபைலில் படித்தேன். மூன்று நாடுகள்: பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான். ஆறு மதங்கள்: இந்து, சீக்கியம், பௌத்தம், சமணம், பார்சி, கிறிஸ்தவம். இலங்கை இல்லை. முஸ்லிம் இல்லை. அவன் மகள் இங்கேதான் பிறந்தாள். ஆனால் 2004 டிசம்பருக்குப் பிறகு பிறந்தவள், பெற்றோர் இருவருமே குடிமக்கள் இல்லை. அதனால் பிறந்த மண்ணில் அவளுக்குக் குடியுரிமை கிடையாது.

நான் கோபமாக ஏதோ பேசினேன். அவன் அப்பா சிரித்தார். ‘அங்கேயும் லிஸ்ட்தான் தம்பி. நாங்கள் வாறதுக்கு முந்தின மாசம் எருக்கலம்பிட்டி முஸ்லிம் சனத்தைப் போகச் சொல்லிப்போட்டினம். அவை படகில கல்பிட்டிப் பக்கம் போச்சினம். அடுத்த மாசம் நாங்கள் ராமேஸ்வரத்துக்கு. ரெண்டும் ஒரே கடல்தான்.’

‘யாரு அங்கிள் போகச் சொன்னது?’

‘எங்கட பெடியள்தான்.’

எனக்கு அப்போது முப்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தது. 1983 ஜூலை தெரியும், 2009 மே தெரியும். 1990 அக்டோபர் தெரியாது. சிங்களவன், தமிழன் என்று இரண்டே கட்சிகள் மோதிய யுத்தம் என்றுதான் நான் வளர்ந்த சூழல் எனக்குச் சொல்லியிருந்தது.

பிறகு தேடிப் படித்தேன். 1990 அக்டோபர் கடைசியில், சில நாட்களுக்குள், வட மாகாணத்தின் முஸ்லிம்கள் அத்தனை பேரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். எண்ணிக்கை எழுபதாயிரத்துக்கும் மேல் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. யாழ்ப்பாண நகரத்தில் அக்டோபர் 30-ஆம் தேதி கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். நகை, பணம், வீட்டுப் பத்திரம் எல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளப்பட்டன. பெரும்பாலானோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டகைகளில் போய் விழுந்தார்கள். அவர்களுடைய தாய்மொழி தமிழ்.

தமிழ் பேசுகிறவர்களைத் தமிழர் இல்லை என்று ஆக்கியது எது? கதை நூறு வருஷம் பின்னால் போகிறது. 1888-ல் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கை முஸ்லிம்கள் மொழியாலும் வழக்கங்களாலும் தமிழர்களே, மதம் மட்டும்தான் வேறு என்று வாதிட்டார். கேட்க அணைப்பது மாதிரி இருக்கிறது. ஆனால் சட்டசபையில் முஸ்லிம்களுக்குத் தனி இடம் என்ற பேச்சு எழுந்த நேரம் அது. நீங்கள் எங்களில் ஒரு பகுதி, தனியாக எதற்கு இடம் என்றுதான் அது அவர்கள் காதில் விழுந்தது. 1907-ல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் எங்கள் மூதாதையர் அரபிகள் என்று பதில் எழுதினார். 1915-ல் சிங்கள–முஸ்லிம் கலவரம் வந்தபோது, பிரிட்டிஷார் சிறைப்பிடித்த சிங்களத் தலைவர்களுக்காக வாதாடியவர் அதே இராமநாதன். அதை முஸ்லிம்கள் மறக்கவில்லை.

அதனால்தான் இலங்கை மக்கள்தொகைக் கணக்கில் ‘சோனகர்’ என்பது மதம் இல்லை, இனம். நம்மூரில் கீழக்கரைக்காரரும் காயல்பட்டினத்துக்காரரும் தமிழர்கள், மதம் இஸ்லாம். அங்கே அதே மொழி பேசுகிற ஆள் வேறு இனம். நான் தினமும் டேட்டாபேஸோடு மல்லுக்கட்டுகிறவன். ஒரு காலத்தை எப்படிப் பிரிக்கிறோம் என்பது பிற்பாடு எல்லாவற்றையும் தீர்மானித்துவிடும் என்பது எனக்குப் புதிது இல்லை. ஆனால் என் வேலையில் அதனால் யாரும் வீட்டை விட்டுப் போக வேண்டியதில்லை.

ஒட்டவைக்கும் முயற்சியும் நடந்தது. 1949-ல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கிய செல்வநாயகம் ஒரு கிறிஸ்தவர். பெரும்பான்மை இந்துக்களான ஒரு மக்கள் அவரைத் தலைவராக ஏற்றார்கள். அவர் கட்சி பேசியது ‘தமிழ் பேசும் மக்கள்’ என்று. மலையகத்தாரும் முஸ்லிம்களும் உள்ளே வரட்டும் என்பதற்காகவே தேர்ந்தெடுத்த சொல். எதிர்ப்பக்கம் சுவர் உயர்ந்துகொண்டிருந்தது. புத்தர் பரிநிர்வாணத்தின் 2500-வது ஆண்டு கொண்டாடப்பட்ட 1956-ல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1972 அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது. மொழியும் மதமும் சேர்ந்து நாடு என்று ஆகிவிட்டது. அதற்குப் பதிலாக எழுந்த ஆயுதப் போராட்டத்தில் ‘தமிழ் பேசும் மக்கள்’ மெல்ல ‘தமிழர்’ என்று சுருங்கிப்போனது.

1990 ஜூனில் யுத்தம் திரும்ப மூண்டபோது கிழக்கில் அந்தச் சுருக்கம் ரத்தமாகியது. ஆகஸ்ட் 3-ஆம் தேதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். புலிகள் மறுத்தார்கள், நம்பியவர்கள் குறைவு. அரசு ஆயுதம் கொடுத்த முஸ்லிம் ஊர்க்காவல் படையினர் தமிழ்க் கிராமங்களில் புகுந்தார்கள். அதே மாதம் வீரமுனையில் கோயிலில் தஞ்சம் இருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். ஒன்றுக்கு இன்னொன்று பதில் என்று கணக்கு எழுதுவது சுலபம். ஆனால் வடக்கின் முஸ்லிம்கள் அந்தப் படையில் இல்லை. கிழக்கில் நடந்ததற்கு யாழ்ப்பாணத்துத் தையல்காரரும் எருக்கலம்பிட்டி மீனவரும் வீட்டைக் கொடுத்தார்கள்.

2002-ல் புலிகள் தரப்பு வருத்தம் தெரிவித்தது. 2009-ல் யுத்தம் முடிந்தது, சுவர் முடியவில்லை. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு முஸ்லிம் கடைகள் எரிந்தன. 2020-ல் கோவிடில் இறந்த முஸ்லிம்களின் உடல்களை, குடும்பங்கள் கெஞ்சியும், அரசு எரித்தது. பட்டியல் கையில் இருக்கிறவர்கள் அடுத்த பெயரைத் தேடிக்கொண்டேதான் இருப்பார்கள்.

இதை எழுதினால் ஈழத் தமிழரின் துயரத்தைக் குறைக்கிறாய் என்பார்கள் என்று ரொம்ப நாள் தயங்கினேன். அந்தத் துயரத்தோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன் நான். பரீட்சைக்கு முந்தின நாள் முகாமில் கணக்கெடுப்பு என்று அவனை நிற்க வைத்ததையும் பார்த்தவன். 2021-ல் தமிழக அரசு அகதிகள் முகாம் என்பதை மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. புது வீடுகளும் அறிவித்தார்கள், நல்ல விஷயம். அவன் மகளுக்கு இன்னும் குடியுரிமை இல்லை. மதத்தையும் நாட்டையும் வைத்து ஆளைப் பிரிக்கிற சட்டம் தவறு என்று அவளுக்காகப் பேசுகிற நான், இரண்டு மணி நேர அவகாசத்தைப் பற்றி வாயை மூடிக்கொண்டால் அந்தப் பேச்சுக்கு என்ன மரியாதை?

போன மாதம் அவன் அப்பாவிடம் இதையெல்லாம் எழுதப்போகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

‘எழுதுங்கோ தம்பி. அவை போகேக்க நாங்கள் கரையில நிண்டு பாத்தனாங்கள். ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேல்லை. அதையும் எழுதுங்கோ.’