வீட்டுக்கு வரும் கணினி யாருடையது?

நம் குடும்பங்களில் முதல் கணினி பெரும்பாலும் கல்லூரி சேரும் பிள்ளைக்காகத்தான் வருகிறது. குழுக்கடன், நகை அடகு, உதவித்தொகையில் மிச்சம் பிடித்த பணம் என்று எப்படியோ புரட்டி வாங்குகிறோம். கடையில் ரேம் எவ்வளவு, திரை எத்தனை அங்குலம், வாரண்டி எத்தனை ஆண்டு என்று கேட்கிறோம். அதில் எந்த இயங்குதளம் இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்பதில்லை. கடைக்காரர் போட்டுக் கொடுத்ததே கணினி என்று எடுத்து வந்துவிடுகிறோம்.

இயங்குதளம்தான் கணினியை ஆள்கிறது. எந்த மென்பொருள் ஓடலாம், எந்தத் தகவல் வெளியே போகலாம், இந்த இயந்திரத்துக்கு இன்னும் எத்தனை ஆண்டு ஆயுள் என்பதில் பெரும்பகுதியை அது தீர்மானிக்கிறது. அண்மைய சான்று ஒன்று உண்டு. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அடுத்து வந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு உள்ளிட்ட சில தகுதிகளைக் கேட்கிறது. அவை இல்லாத கணினிகள் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் பட்டியலுக்கு வெளியே நின்றன. பணம் கொடுத்து வாங்கியவர் ஒருவர், காலாவதி தேதியைக் குறித்தவர் வேறொருவர்.

இப்படி ஒரு நிலை எப்படி வந்தது, அதற்கு மாற்றை யார் எப்படி உருவாக்கினார்கள் என்று தெரிந்துகொண்டால், வீட்டுக் கணினியில் எதைப் போடுவது என்ற முடிவைத் தெளிவாக எடுக்கலாம்.

பூட்டு விழுந்த கதை

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். பெல் ஆய்வகம் ஏடி அண்ட் டி என்ற தொலைபேசி நிறுவனத்துக்குச் சொந்தம். ஏகபோக வழக்கில் 1956இல் அரசுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, அந்த நிறுவனம் தொலைத்தொடர்பைத் தாண்டி வேறு வணிகத்தில் இறங்கக் கூடாது. அதனால் யூனிக்ஸைப் பல்கலைக்கழகங்களுக்குக் குறைந்த கட்டணத்தில், மூலநிரலோடு சேர்த்தே கொடுத்தது. மூலநிரல் என்பது நிரலர் எழுதிய, மனிதர் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய வடிவம். அதைப் பார்த்தால்தான் மென்பொருள் என்ன செய்கிறது என்று தெரியும். அது இருந்தால்தான் எளிதாகத் திருத்த முடியும்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் என்ற ஆசிரியர், 1970களின் நடுவில் யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் மூலநிரலுக்கு வரிக்கு வரி விளக்கம் எழுதி மாணவர்களுக்கு நடத்தினார். நிஜமான ஓர் இயங்குதளத்தை மாணவர்கள் முதலிலிருந்து கடைசிவரை படிக்க முடிந்தது. 1979இல் வந்த ஏழாம் பதிப்பின் உரிமம் கதவைச் சாத்தியது. மூலநிரலை வகுப்பில் பாடமாக நடத்தக் கூடாது என்றது. லயன்ஸின் புத்தகத்தை வெளிப்படையாக அச்சிட வழியில்லாமல் போனது. ஆனாலும் மாணவர்கள் விடவில்லை. நகலின் நகல், அதற்கும் நகல் என்று அது உலகம் முழுக்கக் கைமாறியது. முறையான நூலாக அது வெளிவர 1996 ஆனது. படிக்கக் கூடாது என்று சொல்லப்பட்ட ஒன்றைப் படித்தே தீருவோம் என்று ஒரு தலைமுறை முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

அதே காலத்தில் வீட்டுக் கணினி உலகிலும் வேலி எழுந்தது. 1976 பிப்ரவரியில் பில் கேட்ஸ் கணினி ஆர்வலர்களுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார். தங்கள் பேசிக் மென்பொருளைப் பெரும்பாலோர் காசு கொடுக்காமல் படியெடுக்கிறார்கள், இது திருட்டு என்பது அதன் சாரம். உழைத்தவருக்குக் கூலி வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கூலியைப் பற்றிய பேச்சாகத் தொடங்கிய அந்த வழி, போகப் போக வாங்கியவர் உள்ளே எட்டிப் பார்க்கவும் கூடாது என்ற இடத்தில் போய் நின்றது.

மறுத்தவர்கள்

1980ஐ ஒட்டிய ஆண்டுகளில், எம்ஐடி செயற்கை அறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. அதில் அடிக்கடி தாள் சிக்கியது. அங்கே நிரலராக இருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன், பழைய அச்சுப்பொறியின் மென்பொருளைத் திருத்தி, தாள் சிக்கினால் காத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும்படி செய்திருந்தார். புதியதற்கு அப்படிச் செய்ய மூலநிரல் இல்லை. அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழக ஆய்வாளரிடம் நேரில் போய்க் கேட்டார். யாருக்கும் தர மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று பதில் வந்தது. சொந்த வேலையிடத்தில் நிற்கும் இயந்திரத்தைச் சரிசெய்யும் உரிமையை எங்கோ போடப்பட்ட ஒரு கையெழுத்து பறித்துவிட்டது.

1983 செப்டம்பர் 27 அன்று, யூனிக்ஸைப் போன்ற ஆனால் முழுக்கச் சுதந்திரமான ஓர் இயங்குதளத்தை எழுதப்போவதாக ஸ்டால்மன் அறிவித்தார். அதற்கு க்னூ என்று பெயர். 1989இல் க்னூ பொது உரிமம், சுருக்கமாக ஜிபிஎல், வந்தது. எந்த நோக்கத்துக்கும் ஓட்டலாம், உள்ளே படித்துத் திருத்தலாம், படியெடுத்துக் கொடுக்கலாம், திருத்தியதையும் பரப்பலாம். நிபந்தனை ஒன்றுதான்: நீ பரப்பினால், உனக்குக் கிடைத்த அதே உரிமைகளை அடுத்தவருக்கும் கொடுக்க வேண்டும். பொதுச்சொத்தாக விட்டிருந்தால் வலுத்தவர் எடுத்து வேலி போட்டிருப்பார். அந்த வழியை இந்த உரிமம் அடைத்தது. ஆக்கியவருக்குக் காப்பு தரும் காப்புரிமைச் சட்டத்தையே எல்லாருக்குமான காப்பாகத் திருப்பிய வேலை இது.

ஹெல்சிங்கியில் ஒரு வீட்டுக் கணினி

க்னூவில் பல பாகங்கள் தயாராயின. வன்பொருளோடு நேரடியாகப் பேசும் மையப்பகுதியான கருனி மட்டும் தயாராகவில்லை. அந்த இடைவெளியை நிரப்பியது ஒரு மாணவரின் வீட்டுக் கணினி.

1991 ஜனவரியில், பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தவணையில் ஒரு 386 கணினி வாங்கினார். அதோடு வந்த டாஸ் இயங்குதளம் அவருக்குப் போதவில்லை. ஆண்ட்ரூ டானன்பாம் என்ற பேராசிரியர் 1987இல் பாடம் நடத்துவதற்காகவே எழுதிய மினிக்ஸை வாங்கிப் போட்டார். மூலநிரலைப் பாடமாக நடத்தக் கூடாது என்று யூனிக்ஸ் உரிமம் தடுத்ததால் பிறந்ததுதான் மினிக்ஸும். ஆனால் அதற்கும் காசு கொடுக்க வேண்டும்; திருத்தியதை விருப்பப்படி பரப்பவும் முடியாது. டோர்வால்ட்ஸ் தானே ஒன்றை எழுதத் தொடங்கினார். 1991 ஆகஸ்ட் 25 அன்று அதை இணையக் குழுவில் அறிவித்தபோது, இது வெறும் பொழுதுபோக்கு முயற்சி என்றே சொன்னார். முதலில் அவர் வைத்த உரிமம் விற்பனையைத் தடை செய்தது. 1992 தொடக்கத்தில் அதை ஜிபிஎல்லுக்கு மாற்றினார். லினக்ஸ் கருனியும் க்னூ கருவிகளும் சேர்ந்து ஒரு முழு இயங்குதளம் உருவானது.

தோழர்களே, இதைக் கவனியுங்கள். உலகின் சர்வர்களிலும் ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும் இன்று ஓடும் கருனி, தவணையில் வாங்கிய கணினியில் எதைப் போடுவது என்று ஒரு மாணவர் கேட்ட கேள்வியிலிருந்து வந்தது. அவருக்கு முன்னால் யாரோ எழுதி வைத்த பாடநூலும், யாரோ பூட்டாமல் விட்ட கருவிகளும் இல்லையென்றால் அந்தக் கேள்வி அவரோடு முடிந்திருக்கும்.

பிறகு பலர் லினக்ஸைத் தொகுத்து வழங்கத் தொடங்கினர். 1993இல் இயன் மர்டாக் டெபியனைத் தொடங்கினார். டெபியனுக்கு உரிமையாளர் இல்லை. 1997இல் ஒரு சமூக ஒப்பந்தத்தையும் 1998இல் ஓர் அரசமைப்பையும் அது ஏற்றுக்கொண்டது. தலைவரை அதன் உறுப்பினர்கள் ஆண்டுதோறும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2004இல் தென்னாப்பிரிக்கரான மார்க் ஷட்டில்வொர்த்தின் நிறுவனம், டெபியனை அடித்தளமாக வைத்து உபுண்டுவை வெளியிட்டது. பல ஆண்டுகள் கேட்டவர்களுக்கெல்லாம் குறுந்தகட்டை இலவசமாக அஞ்சலில் அனுப்பியது. உபுண்டுவிலிருந்து 2006இல் லினக்ஸ் மின்ட் வந்தது.

திறந்த மூலம் என்ற பெயர்ப்பலகை இருந்தாலே எல்லாம் சரி என்று நினைத்துவிட வேண்டாம். 2012இல் உபுண்டு, பயனர் தன் கணினியில் தேடும் சொற்களை இணையத்துக்கு அனுப்பி அமேசான் பொருட்களைக் காட்டியது. எதிர்ப்பு கிளம்பியது, 2016இல் அது இயல்பிருப்பில் நிறுத்தப்பட்டது. ஓப்பன் ஆஃபீஸ் ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்குப் போனபோது, அதை உருவாக்கியவர்களில் பலர் 2010இல் மூலநிரலோடு பிரிந்து வந்து லிப்ரே ஆஃபீஸைத் தொடங்கினர். இங்கும் நிறுவனங்கள் தப்பு செய்யும். ஆனால் தப்பைக் கண்டுபிடிக்கவும், பிடிக்காவிட்டால் எடுத்துக்கொண்டு வெளியேறவும் உரிமை இருக்கிறது. வேறுபாடு அதுதான்.

நம் பக்கத்தில் நடந்தது

ஏட்டில் இருக்கும் உரிமை வேறு, கைக்கு வரும் உரிமை வேறு என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மென்பொருளிலும் அதுதான் நடந்தது.

தமிழக அரசின் எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் ஐஏஎஸ் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில், தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. 2007இல் சிடாக் நிறுவனம் டெபியனை அடித்தளமாக வைத்து பாஸ் லினக்ஸை வெளியிட்டது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் கைக்கு ஒரு சுதந்திர இயங்குதளம் வீடு தேடி வந்தது. ஆனால் அதைப் பாடமாக்கவில்லை, கற்பிக்கவும் ஆளில்லை. கணினியைத் திறந்ததும் வரும் இரண்டு பெயர்களில் ஒன்றாக மட்டுமே அது பலருக்குத் தெரிந்தது.

பக்கத்துக் கேரளத்தில் 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் வேறு வழியில் போனது. பாடநூல், ஆசிரியர் பயிற்சி, தேர்வு மூன்றையும் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு லினக்ஸ் அங்கே பழகிய பொருளானது. இயந்திரத்தைக் கொடுப்பதோடு நிற்காமல், கற்றுக்கொடுக்கும் ஆளையும் சேர்த்துக் கொடுத்ததுதான் காரணம்.

பெங்களூருவில் இன்னொரு முயற்சி நடந்தது. அங்குள்ள ஒரு குடிசைப்பகுதியில், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தன்னார்வலர்களோடு சேர்ந்து அம்பேத்கர் சமுதாயக் கணினி மையம் உருவானது. அங்கே பிள்ளைகள் லினக்ஸில் பழகினார்கள், கிம்ப் மென்பொருளில் படம் வரைந்தார்கள். உரிமத்துக்குக் காசு இல்லை என்ற பேச்சே அங்கு எழவில்லை. சேரிக்குள் ஒரு கணினி மையம் நடத்தக் கோடிகள் தேவையில்லை; சில கணினிகளும் வாரந்தோறும் வந்து உட்கார்ந்து சொல்லித்தரும் ஆளும் போதும் என்று அது காட்டியது.

எதைத் தேர்ந்தெடுப்பது

இந்த வரலாற்றிலிருந்து வீட்டுக் கணினிக்கான கேள்விகள் கிடைக்கின்றன. முதலில், பின்னால் நிற்பது யார்? டெபியன் என்றால் சமூகம். உபுண்டு என்றால் நிறுவனம். இரண்டாவது, எத்தனை ஆண்டு பாதுகாப்புத் திருத்தம் வரும்? உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு 5 ஆண்டு. அதை அடியொற்றிய மின்ட்டுக்கும் அப்படியே. ஃபெடோரா புதுமையானது, ஆனால் ஒரு பதிப்புக்கு ஏறத்தாழ 13 மாதம்தான். மூன்றாவது, சிக்கல் வந்தால் பக்கத்தில் கேட்க ஆள் உண்டா? உங்கள் நண்பர் பயன்படுத்துவதையே நீங்களும் போடுவது பல நேரம் நல்ல முடிவு.

முதல் முறை வருபவருக்கு லினக்ஸ் மின்ட் எளிது. விண்டோஸ் பழகிய கண்ணுக்கு அந்நியமாகத் தெரியாது. பழைய கணினி என்றால் அதன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. நிறுவுவதற்கு முன் பென்டிரைவில் போட்டு அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, கேமரா, பிரிண்டர், தமிழ்99 தட்டச்சு எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று சோதியுங்கள். கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்து வைத்த பிறகே நிறுவுங்கள்.

ஓடாதவையும் உண்டு. ஃபோட்டோஷாப் நேரடியாக ஓடாது. சில தேர்வு மென்பொருள்கள் விண்டோஸை மட்டுமே ஏற்கும். உங்கள் படிப்புக்கோ வேலைக்கோ அவை கட்டாயம் என்றால் இரண்டையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்ளலாம். கொள்கைக்காக யாரும் தேர்வைத் தவறவிட வேண்டியதில்லை.

நிறுவி முடித்ததும் வேலை முடிந்துவிடாது. லயன்ஸின் புத்தகம் கைமாறியதுபோல இதுவும் கைமாற வேண்டும். இதில் நகலெடுக்கத் தடையும் இல்லை, ஒளிக்கவும் வேண்டாம். உங்கள் தெருவில் அடுத்த கணினி வாங்கும் வீட்டுக்கு அந்தப் பென்டிரைவை எடுத்துப் போங்கள். அலமாரியில் தூங்கும் அரசு மடிக்கணினியைத் தூசி தட்டி உயிர்ப்பித்துக் கொடுங்கள். படிப்பு வட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். உரிமம் நமக்கு உரிமையைக் கொடுத்துவிட்டது. சொல்லித்தரும் ஆளைத்தான் நாம் கொடுக்க வேண்டும்.