பள்ளி, ஹள்ளி, அள்ளி

தர்மபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டிலிருந்து வடக்கே கிளம்பும் பேருந்தில் நடத்துநர் கூப்பிடுவது, "மாரண்டள்ளி, மாரண்டள்ளி!" எழுத்திலோ ஓரிடத்தில் மாரண்டஹள்ளி, இன்னோரிடத்தில் மாரண்டஅள்ளி. எது சரி என்று பலர் கேட்கிறார்கள். அந்தக் கடைசிச் சொல்லின் பயணத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும்.

மூலச்சொல் பள்ளி. தமிழில் அதற்குச் சிற்றூர், ஆயர் குடியிருப்பு, துறவியர் உறைவிடம், சமணக் கோயில், படுக்கை, கல்விக்கூடம் என்று பல பொருள். பள்ளியறை, பள்ளியெழுச்சி, பள்ளிவாசல் எல்லாம் அதன் கிளைகள்தான். மனிதர் தங்கும் இடம் என்பதே இவற்றை இணைக்கும் நூல். பழைய கன்னடத்திலும் அது பள்ளிதான். ஏறத்தாழ 10-ஆம் நூற்றாண்டு முதல் கன்னடத்தில் சொல்முதல் பகரம் ஹகரமாக மாறத் தொடங்கியது. பால் ஹாலு ஆனது. புலி ஹுலி, பத்து ஹத்து ஆயின. பள்ளியும் ஹள்ளி ஆனது.

அந்த ஹள்ளி தர்மபுரி மண்ணில் வேரூன்றியதில் வியப்பில்லை. அதியமானின் தகடூர் இது. 9-ஆம் நூற்றாண்டில் கன்னட நுளம்பர் ஆண்டார்கள். பின்னாளில் மைசூர் ஆட்சி வந்தது. 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி இப்பகுதி அடங்கிய பாராமகால் சீமை கிழக்கிந்தியக் கும்பெனியின் கைக்குப் போனது. சேலத்திலிருந்து பிரிந்து 1965 அக்டோபர் 2-இல் தர்மபுரி தனி மாவட்டமானது; 2004-இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. ஆட்சிகளும் எல்லைகளும் இத்தனை முறை மாறியும் ஊர்ப்பெயர்கள் நின்றன. மாரண்டஹள்ளிக்குப் பக்கத்திலேயே பஞ்சப்பள்ளி; அங்கே பழைய பகரம் அப்படியே இருக்கிறது. பேளாரஹள்ளி, கொலசனஹள்ளி என்று ஹகர ஊர்களும் சுற்றிலும் உண்டு.

மூன்றாவது படி தமிழ் நாக்கில் நடந்தது. ஹோட்டலை ஓட்டல் என்றும், ஹனுமனை அனுமன் என்றும் சொல்லும் நாக்கு, ஹள்ளியை அள்ளி என்றது. இதே வழியை இன்னொரு பெயரிலும் காணலாம். தமிழின் புகை கன்னடத்தில் ஹொகெ. புகையும் கல் என்று பொருள்படும் ஹொகேனக்கல்லைத்தான் நாம் ஒகேனக்கல் என்கிறோம். பஞ்சப்பள்ளி அணையைத் தாண்டி வரும் சின்னாறு காவிரியில் சேருவதும் அந்த ஒகேனக்கல் அருகில்தான். பகரம் நின்ற ஊரிலிருந்து பகரம் உதிர்ந்த ஊருக்கு அந்த ஆறு போகிறது.

ஆகவே அள்ளி என்பதைக் கொச்சை என்று ஒதுக்குவது தவறு. ஹள்ளி கன்னடம் தந்த வடிவம். அள்ளி அதைத் தமிழ் தனதாக்கிக்கொண்ட வடிவம். இரண்டும் சரியே. 2011 கணக்கெடுப்பில் இம்மாவட்ட மக்கள்தொகை 15,06,843. அதில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் சிற்றூர்களில் வாழ்பவர்கள். அவர்கள் வாயில் புழங்கும் வடிவத்துக்கு ஏட்டிலும் மதிப்பு வேண்டும்.

காலையில் மாரண்டள்ளிப் பிள்ளைகள் புத்தகப்பையோடு கிளம்புகிறார்கள். அவர்கள் புறப்படும் இடமும் போய்ச் சேரும் இடமும் ஒரே சொல். அள்ளியிலிருந்து பள்ளிக்குப் போகிறார்கள்.